தங்கம் சாம்பலாகிவிட்டால்: மெட்டாலிக் பெயிண்ட் மேல் வார்னிஷ் அடித்த பின் வரும் கோளாறுகள்

பன்னிரண்டு கிரேக்கக் காலாட்படை வீரர்களுக்கு வெண்கலக் கவசம் தீட்டி முடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. 28 மி.மீ. அளவு மினியேச்சர் பொம்மைகள். சின்னவைதான், ஆனால் ஒவ்வொன்றிலும் தலைக்கவசம், மார்புக்கவசம், கால்கவசம், வட்டக் கேடயத்தின் விளிம்பு என்று பாதிக்கு மேல் உலோகம். முதலில் பழுப்பு அடித்து, அதன்மேல் வெண்கலம், பள்ளங்களில் இருண்ட வாஷ் (நிழல் காட்டத் தேங்கவிடும் நீர்த்த பெயிண்ட்), கடைசியில் விளிம்புகளில் மெல்லிய பொன் கோடு. ஒரு நவம்பர் மாலை, சென்னையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வைத்து மேட் வார்னிஷ், அதாவது பளபளப்பில்லாத வார்னிஷ், ஸ்ப்ரே அடித்தேன். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் பன்னிரண்டு பேரின் கவசமும் களிமண்ணில் செய்தது போல இருந்தது.

அன்று இரவே ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஊறப் போட்டு எல்லாவற்றையும் உரித்துவிடும் மனநிலையில் இருந்தேன். நல்லவேளை, செய்யவில்லை. பெயிண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன்மேல் இருந்த மெல்லிய படலம்தான் ஒளியை மறித்துக்கொண்டிருந்தது. நீறு பூத்த நெருப்பு என்பார்களே, அந்த நிலைமை. மேலே சாம்பல், உள்ளே கனல் அப்படியே.

இதே மாதிரி பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு மனம் உடைந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதிலிருந்து தொடங்கி, கோளாறு எங்கே, எப்படிச் சரிசெய்வது என்று போகலாம். எதிலும் கை வைப்பதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது. அதை மட்டும் தவிர்க்காதீர்கள்.

முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர்

வார்னிஷ் அடித்த பொம்மையை ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். நீர் அடிப்படையிலான வார்னிஷ் ஈரமாக இருக்கும்போது பால் மாதிரிதான் தெரியும், காய்ந்தால் தெளியும். அதைப் பார்த்துப் பயந்து துடைக்கப் போனால்தான் பெயிண்ட் கெடும். மறுநாள் ஒரு பழைய பிரஷ்ஷைச் சுத்தமான தண்ணீரில் தோய்த்து, மங்கிய இடத்தில் ஒரு சொட்டு வையுங்கள். மேசை விளக்குக்கு அடியில் பொம்மையை மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள்.

என் கேடயத்தில் அந்தச் சொட்டு உட்கார்ந்த இடத்தில் மட்டும், ஒரு மிளகு அளவுக்கு, வெண்கலம் திரும்பி வந்தது. விளிம்பில் நான் இழுத்த பொன் கோடு, அதை ஒட்டிப் பள்ளத்தில் தேங்கிய வாஷ், இரண்டும் துல்லியமாகத் தெரிந்தன. டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்தேன். பழையபடி மண். ஆற்றில் காய்ந்து கிடக்கும் கூழாங்கல் வெளிறிப்போய் இருக்கும், நனைத்தால் சிவப்பும் பச்சையும் வரி வரியாக எழும்பும். கல்லின் நிறம் எங்கும் போகவில்லை, மேற்பரப்புதான் ஒளியைச் சிதறடித்துக்கொண்டிருந்தது. இங்கே நடப்பதும் அதேதான்.

சொட்டு வைத்ததும் பளபளப்பு முழுதாகத் திரும்பினால் கோளாறு வார்னிஷ்ஷின் மேற்பரப்பில். மேலே ஒரு பூச்சு பூசினால் தீர்ந்துவிடும். ஓரளவு தெளிந்து, ஆனாலும் உள்ளே பால் கலந்தாற்போல ஒரு வெண்மை நின்றால் படலத்துக்குள்ளேயே ஈரம் மாட்டியிருக்கிறது. நனைத்தும் எந்த மாற்றமும் இல்லையென்றால் வார்னிஷ்ஷைக் குறை சொல்வதில் பயனில்லை. கீழே இருக்கும் பெயிண்டோ வாஷ்ஷோ மங்கிப்போயிருக்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு, அதனால்தான் முதலில் தண்ணீர்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் கோளாறுகளை நீங்களே ஊகித்துவிடலாம். மெட்டாலிக் பெயிண்டில் இருப்பது பெரும்பாலும் மைக்காவின் நுண்செதில்கள். அவற்றின்மேல் டைட்டானியம் டையாக்சைடோ இரும்பு ஆக்சைடோ மெல்லியதாகப் படிந்திருக்கும். வெள்ளி நிறப் பெயிண்டுகள் சிலவற்றில் அலுமினியச் செதில்கள் இருக்கும். எதுவானாலும் வேலை ஒன்றுதான்: பெயிண்ட் காயும்போது இந்தச் செதில்கள் தட்டையாகப் படுத்து, ஆயிரக்கணக்கான குட்டிக் கண்ணாடிகளாக ஒரே திசையில் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. உலோகம் என்று நம் கண் நம்புவது இந்தத் திசை மாறாத ஒளியைத்தான்.

மேட் வார்னிஷ் செய்வது இதற்கு நேர் எதிர். அதில் சிலிக்காத் தூள் கலந்திருக்கும். வார்னிஷ் காய்ந்து சுருங்கும்போது அந்தத் துகள்கள் மேற்பரப்பில் முட்டி நின்று, கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களை உண்டாக்கும். உள்ளே போகும் ஒளியும் சிதறும், திரும்பி வரும் ஒளியும் சிதறும். குளியலறை ஜன்னலில் சொரசொரப்பான கண்ணாடி இருந்தால் அதன் சொரசொரப்புப் பக்கத்தில் செல்லோடேப்பை அழுத்தி ஒட்டிப் பாருங்கள். டேப்பின் பசை மேடுபள்ளங்களை நிரப்பிவிடுவதால் அந்தப் பட்டையில் மட்டும் வெளியே தெரியும். தண்ணீர்ச் சொட்டு செய்வதும் இதுதான், கிளாஸி வார்னிஷ், அதாவது பளபளக்கும் வார்னிஷ், நிரந்தரமாகச் செய்வதும் இதுதான்.

உலோகம் சாம்பல் பூத்தது போல இருக்கிறது, தொட்டால் வழவழப்பாக இருக்கிறது

பத்தில் எட்டுப் பேருடைய புகார் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. துணி, தோல், குதிரை, கவசம் எல்லாவற்றுக்கும் ஒரே மேட் வார்னிஷ் அடித்ததன் விளைவு. வார்னிஷ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, இடம்தான் தவறு. துணிக்கு மேட் தேவை. ஒரு கம்பளிப் போர்வை மினுங்கினால் பார்க்கச் சகிக்காது. அதே படலம் வெண்கலத்தின்மேல் விழுந்தால் வெண்கலம் செத்துவிடும்.

தீர்வு எளிது. நீர் அடிப்படையிலான கிளாஸி வார்னிஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். வயேஹோவின் கிளாஸி, சிட்டடலின் ஆர்ட்கோட், இரண்டில் எது கிடைத்தாலும் போதும். கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, உலோகப் பகுதிகளில் மட்டும் சின்ன பிரஷ்ஷால் ஒரு மெல்லிய பூச்சு. ஈட்டி முனை, வாள், தலைக்கவசம், கால்கவசம். துணியின் ஓரத்தைத் தொடாமல் போக வேண்டும் என்பதால் மறுபடியும் பெயிண்ட் அடிக்கும் அதே பொறுமை வேண்டும். ஒரு பூச்சிலேயே முக்கால்வாசிப் பளபளப்பு திரும்பும். இரண்டாவது தேவையா என்பதை முதல் பூச்சு காய்ந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

முழுக் கிளாஸி சில உலோகங்களுக்குப் பொருந்தாது. போருக்குப் போய் வந்த இரும்புச் சங்கிலிக் கவசம் நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பது போல மின்னக் கூடாது. அதற்குச் சாட்டின், அதாவது கிளாஸிக்கும் மேட்டுக்கும் நடுவான வார்னிஷ். கையில் சாட்டின் இல்லையென்றால் ஒரே கம்பெனியின் கிளாஸி இரண்டு பங்கும் மேட் ஒரு பங்கும் கலந்தால் கிட்டத்தட்ட அதே முடிவு வரும். நான் வெண்கலத்துக்குக் கிளாஸிப் பக்கம் சாய்ந்த கலவையும், இரும்புக்குச் சரிபாதியும் வைக்கிறேன். இப்படி இரண்டு உலோகங்களுக்கு இரண்டு விதமான மினுக்கம் கொடுத்தால், அடுத்தடுத்து இருக்கும்போது ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும்.

மேட் வார்னிஷ் பாட்டிலைப் பற்றி இன்னொன்று. சிலிக்கா கனமானது, அடியில் போய்த் தங்கிவிடும். குலுக்காமல் பயன்படுத்தினால் முதலில் வருவது மேட்டே ஆகாது. பாட்டில் தீரும் நேரத்தில் வருவதோ கூழாக, வெள்ளை வெள்ளையாகப் படியும். போன மாதம் நன்றாக இருந்த பாட்டில் இந்த மாதம் ஏன் இப்படி என்று யோசிப்பவர்கள் முதலில் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பகுதியைப் பாருங்கள்.

நனைத்தும் மாற்றமில்லை

வாஷ் அடித்த கவசத்தில் இதைப் பார்க்கலாம். கறுப்பு, பழுப்பு வாஷ்கள் பலவும் காய்ந்தால் மேட்தான். அவற்றை முழுக் கவசத்தின் மேலும் வழியவிட்டால் செதில்களின் மேல் நிறமிகள் படிந்து, வார்னிஷ்ஷுக்கு முன்பே உலோகம் மங்கிவிடும். பள்ளங்களில் மட்டும் வாஷ்ஷை விட வேண்டும். விட்டது விட்டதுதான் என்றால், மேடான இடங்களில் அதே மெட்டாலிக் பெயிண்டை மறுபடி தொட்டுத் தடவுங்கள். வார்னிஷ்ஷுக்கு மேலேயே தடவலாம், ஒன்றும் ஆகாது.

பள்ளங்களில் வெண்படலம், பூஞ்சை பூத்தது போல

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். கடலோர ஊரில் இருப்பவர்களை அதிகம் அழவைப்பது இதுதான். என் பன்னிரண்டு பேரில் நால்வருக்கு மேட் மங்கலோடு இதுவும் சேர்ந்திருந்தது. கேடயத்தின் உட்குழிவிலும் கழுத்தடியிலும் ஓர் அரிசிமாவுத் தடம்.

ஸ்ப்ரே டப்பாவிலிருந்து வரும் கரைப்பான் மிக வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது அந்த இடத்தின் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். கையில் சானிடைசர் ஊற்றினால் சில்லென்று இருக்கிறதே, அதே குளிர்ச்சி. காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால், அந்தக் குளிர்ந்த மேற்பரப்பில் நீராவி துளித்துளியாகப் படிந்து, காய்ந்துகொண்டிருக்கும் படலத்துக்குள் சிக்கிக்கொள்ளும். அதுதான் வெண்மை.

ஐப்பசி, கார்த்திகையில் மாலை நேரத்தில் மொட்டை மாடியில் ஸ்ப்ரே அடிப்பது இதை விரும்பி அழைப்பதற்குச் சமம். ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். 70 சதவீதத்தைத் தாண்டினால் நான் ஸ்ப்ரே டப்பாவைத் தொடுவதில்லை. மழை விட்ட நாளின் நடுப்பகலில் எண் இறங்கும், அதற்குக் காத்திருக்கிறேன்.

பலரும் யோசிக்காத ஒரு பொறி ஏசி அறை. பொம்மை ராத்திரி முழுக்க ஏசியில் குளிர்ந்திருக்கும். அதை நேராக வெளியே எடுத்துப் போய் ஸ்ப்ரே அடித்தால், பிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வியர்க்கிற மாதிரி பொம்மையும் வியர்க்கும். வெள்ளீய வார்ப்பாக இருந்தால் குளிரை இன்னும் நேரம் பிடித்து வைத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரத்தின் மேல்தான் வார்னிஷ் விழுகிறது. அரை மணி நேரம் முன்னதாகவே வெளியில் வைத்துவிடுங்கள். டப்பாவையும் வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் நிற்க வைத்தால் தூறல் சன்னமாக வரும். வெதுவெதுப்பு மட்டும்தான். 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கக் கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும், அது சும்மா எழுதியதில்லை.

சரி, ஏற்கெனவே வெளுத்துவிட்டது, இப்போது என்ன? உலர்ந்த நாளாகப் பார்த்து, அதே வகை ஸ்ப்ரேயில் கிளாஸி எடுத்து மிக லேசாக ஒரு கை அடியுங்கள். புதுக் கரைப்பான் பழைய படலத்தை மேலாக இளக்கும்போது சிக்கிய ஈரம் வெளியேற வழி கிடைக்கும். பெரும்பாலும் வெண்மை கண்முன்னாலேயே மறையும். வெளுப்பு லேசாக இருந்தால் பிரஷ்ஷில் நீர் வகைக் கிளாஸி பூசினாலே போதும். என் நால்வரில் மூவர் அப்படியே தேறினார்கள். நான்காமவனின் கேடயக் குழிவில் மட்டும் சிலிக்கா கட்டியாகவே தேங்கிவிட்டது. அதை மரப் பல்குச்சியால் மெல்லச் சுரண்டி, அந்த இடத்துக்கு மறுபடி பெயிண்ட் அடித்தேன்.

டப்பாவைச் சரியாகக் குலுக்காவிட்டாலும், ஒரே இடத்தில் அதிகமாக அடித்தாலும் இதே அரிசிமாவுத் தடம் வரும். அதில் ஈரத்துக்குப் பங்கில்லை. உள்ளே குண்டு உருளும் சத்தம் வந்த பிறகு இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள். கை வலிக்கும், வலிக்கட்டும்.

தொட்டால் மணல் போலச் சொரசொரக்கிறது

வார்னிஷ் பொம்மையை எட்டும் முன்பே காற்றில் காய்ந்து, தூளாக வந்து ஒட்டியிருக்கிறது. தள்ளி நின்று அடித்தீர்கள், அல்லது சித்திரை வெயிலில் அடித்தீர்கள். 20 முதல் 30 செ.மீ. தூரம், பொம்மைக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்கும் வேகமான வீச்சு. இதுதான் முறை. தூள் ஒட்டிய பொம்மையைக் குட்டையாக வெட்டிய பழைய பிரஷ்ஷால் காய்ந்தபடியே தேய்த்தால் பாதி உதிரும். கேடயம் மாதிரி தட்டையான இடத்தில் 2000 எண் நீர்த்தாளை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்து இரண்டு முறை தடவலாம், விளிம்புகளில் வேண்டாம். பிறகு கிளாஸி.

வார்னிஷ் பூசும்போது தங்கம் பிரஷ்ஷோடு வருகிறது

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். பெயிண்ட் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருக்கும், உள்ளே உறுதியாகியிருக்காது. அக்ரிலிக் பெயிண்டுக்கு ஒரு நாள் இடைவெளி கொடுங்கள். அடுத்தது, ஒரே இடத்தில் பிரஷ்ஷை முன்னும் பின்னும் இழுப்பது. வார்னிஷ்ஷைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல அடிக்கக் கூடாது. ஒரு தடவை வைத்து, பரப்பி, கையை எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது: பெயிண்டும் வார்னிஷ்ஷும் ஒரே கரைப்பானில் கரைபவையாக இருப்பது. வயேஹோவின் லிக்விட் கோல்ட் வரிசை நீரில் கரையாது, ஆல்கஹாலில்தான் கரையும். அந்தத் தங்கம் மிக அழகானது, ஆனால் ஆல்கஹால் கலந்த வார்னிஷ்ஷைப் பிரஷ்ஷால் பூசினால் குழம்பிவிடும். டாமியாவின் எக்ஸ்-22 பலரும் விரும்பும் நல்ல கிளாஸி. ஏர்பிரஷ்ஷில் மெல்லிய தூறலாக அடித்தால் அருமையாக உட்காரும். பிரஷ்ஷால் மற்ற அக்ரிலிக் பெயிண்டுகள் மேல் பூசினால் அடியில் இருப்பதை இளக்கப் பார்க்கும். மிஸ்டர் சூப்பர் கிளியர் மாதிரியான லாக்கர் ஸ்ப்ரேக்களின் கரைப்பான் இன்னும் காட்டமானது. முதல் இரண்டு கைகள் தூசி படிந்தாற்போல மட்டும் விழ வேண்டும், ஈரமாக நனையவிடக் கூடாது. இப்படிப்பட்ட பெயிண்ட் எதற்கும் என் தேர்வு நீர் அடிப்படையிலான வார்னிஷ்தான்.

தங்கம் குழம்பிவிட்டால் அப்போதே சரிசெய்யப் பார்க்காதீர்கள். அப்படியே விட்டுவிட்டு மறுநாள் அந்த இடத்தில் மட்டும் மீண்டும் தீட்டுங்கள். ஈரத்தில் கை வைக்க வைக்க இடம் பெரிதாகிக்கொண்டே போகும்.

கவசத்தில் இருக்க வேண்டிய மினுக்கம் முகத்திலும் துணியிலும்

செதில்கள் பயணம் செய்திருக்கின்றன. மெட்டாலிக் அடித்த பிரஷ்ஷை அலசிய தண்ணீரிலேயே வார்னிஷ் பிரஷ்ஷையும் அலசியிருப்பீர்கள். அந்தத் தண்ணீரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மீன் செதில் மாதிரி மின்னும். மெட்டாலிக்குக்குத் தனி டம்ளர், தனி பிரஷ். வார்னிஷ்ஷுக்கும் அப்படியே. பாட்டிலுக்குள் நேராகப் பிரஷ்ஷை விடாமல் கொஞ்சம் தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பாட்டில் முழுக்கப் பொடி கலந்துவிடும்.

இதற்கு மேலே பூசி மறைக்க முடியாது. கிளாஸி பூசினால் இன்னும் எடுப்பாகத் தெரியும். மினுங்கும் இடத்தில் அந்தத் துணியின் நிறத்தையே மெல்லியதாக ஒரு பூச்சு கொடுத்து மூடுங்கள்.

குரோம் கண்ணாடி மாதிரி இருந்தது, இப்போது வெறும் வெள்ளி

இதற்கு முழு மருந்து கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொலோட்டோவின் லிக்விட் குரோம் பேனாவும், கறுப்புக் கிளாஸி அடித்தளத்தின் மேல் ஏர்பிரஷ்ஷில் அடிக்கும் குரோம் பெயிண்டுகளும் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பது அவற்றின் செதில்கள் மிக நுண்ணியதாக, மிகத் தட்டையாக, மேல் விளிம்பிலேயே படுத்திருப்பதால்தான். எந்த வார்னிஷ்ஷை மேலே அடித்தாலும், கிளாஸியே ஆனாலும், அந்த அடுக்கு கொஞ்சம் கலையும். கண்ணாடி போய் நல்ல வெள்ளி மிஞ்சும்.

ஆகவே குரோமைக் கடைசியில் வையுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் வார்னிஷ் அடித்து முடித்து, காய்ந்த பிறகு குரோம் தீட்டி, அதை வார்னிஷ் இல்லாமலே விட்டுவிடுங்கள். கைபடாத இடத்துக்கு மட்டும் குரோம் என்று முன்கூட்டியே திட்டமிட்டால் இன்னும் நல்லது. மேசைப் போர் விளையாட்டில் அடிக்கடி தூக்கும் பொம்மைக்குக் குரோம் வேண்டாம். சாதாரண வெள்ளியும் மேலே கிளாஸியும் நிறைய நாள் தாங்கும்.

மிட்டாய்க்குப் பாகு பூசியது போல இருக்கிறது

கிளாஸி தடிமனாகிவிட்டது. சங்கிலிக் கவசத்தின் வளையங்களுக்கு நடுவே தேங்கி, அவ்வளவு நுணுக்கமான வேலைப்பாட்டையும் மூடியிருக்கும். பளபளப்பைக் குறைக்கச் சாட்டின் ஒரு மெல்லிய கை போதும், ஆனால் தடிமனைக் குறைக்க வழியில்லை. தேங்கியதை ஈரமாக இருக்கும்போதே காய்ந்த பிரஷ் நுனியால் உறிஞ்சி எடுத்திருக்க வேண்டும். அடுத்த பொம்மையில் வார்னிஷ் பூசியதும் ஒரு நிமிடம் விளக்கடியில் சுற்றிப் பாருங்கள், தேங்கும் இடங்கள் தெரியும். நுரை வந்திருந்தால் அதுவும் அப்போதே தெரியும்: குலுக்கிய உடனே பூசாமல் பாட்டிலைச் சற்று நிற்க விட்டால் குமிழிகள் அடங்கிவிடும்.

மூன்று நாளாகியும் பிசுபிசுக்கிறது

அடைமழைக் காலத்தில் தடிமனாகப் பூசிய வார்னிஷ் ஒரு வாரம்கூட இழுக்கும். மின்விசிறி ஓடும் உலர்ந்த அறையில் வைத்துக் காத்திருங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் பொம்மையின் பொருளைப் பாருங்கள். போர்டு கேம் பெட்டிகளில் வரும் வளைந்து கொடுக்கும் பிவிசி பொம்மைகளில், பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் சில ஸ்ப்ரே வார்னிஷ்களோடு சேர்ந்து என்றைக்கும் உலராத பசையாக்கிவிடும். மேலே நீர் அடிப்படையிலான வார்னிஷ் பிரஷ்ஷால் ஒரு பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் ஒட்டல் நின்றுவிடும்.

ஈட்டி முனையிலும் விளிம்பிலும் வார்னிஷ்ஷோடு பெயிண்டும் தேய்ந்துவிட்டது

மேட் படலத்தைவிடக் கிளாஸி படலம் உறுதியானது. அதனால்தான் விளையாட்டுக்குப் போகும் பொம்மைகளுக்கு முதலில் முழுக்கக் கிளாஸி, அது காய்ந்த பிறகு துணி, தோல் பகுதிகளுக்கு மட்டும் மேட் என்பது பல காலமாகத் தீட்டுபவர்கள் பின்பற்றும் வரிசை. மெட்டாலிக் அதிகமுள்ள பொம்மைக்கு இது இரட்டை லாபம். உலோகம் கிளாஸியிலேயே நின்றுவிடுகிறது, பாதுகாப்பும் கிடைக்கிறது. தூக்கும்போது எப்போதும் அடித்தட்டைப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் பாதித் தேய்மானம் இல்லை.

எதை வாங்குவது

ஒரே ஒரு பாட்டில்தான் வாங்க முடியும் என்றால் சாட்டின் வாங்குங்கள். துணியில் லேசாக மினுங்கும், உலோகத்தை லேசாக அடக்கும், இரண்டையும் கெடுக்காது. இரண்டு வாங்க முடிந்தால் கிளாஸியும் மேட்டும், ஒரே கம்பெனியில். கலந்து எந்த அளவு வேண்டுமானாலும் கொண்டுவரலாம். ஏகே இன்டராக்டிவின் அல்ட்ரா மேட் போன்ற மிகத் தீவிரமான மேட்கள் முகத்துக்கும் கம்பளிக்கும் அற்புதமாக இருக்கும், அதே அளவுக்கு உலோகத்தைக் கொல்லும். பிரஷ்ஷால் துணியில் மட்டும் பூசுபவர்களுக்கே அவை.

ஸ்ப்ரேயா பிரஷ்ஷா என்றால், வருடத்தில் பாதி நாள் புழுங்கும் ஊரில் இருப்பவர்களுக்கு என் பதில் பிரஷ்தான். ஏர்பிரஷ் இருந்தால் நீர் வகை வார்னிஷ்ஷை அதில் அடிப்பது எல்லாவற்றையும்விட நல்லது. ஸ்ப்ரே அடித்தே ஆக வேண்டுமென்றால் திறந்த வெளியில், கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் முகமூடியோடு அடியுங்கள். என்-95 தூறலைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

எதை வாங்கினாலும் நேராகப் பொம்மையில் போடாதீர்கள். ஐஸ்கிரீமுக்குக் கொடுக்கும் பிளாஸ்டிக் ஸ்பூனை எடுத்து, அதன் முதுகில் நீங்கள் பயன்படுத்தும் அதே பிரைமர் (அடிப்பூச்சு), அதே வெண்கலம், அதே வாஷ் என்ற வரிசையில் அடித்துக் காயவிடுங்கள். பிறகு டேப் ஒட்டி மூன்றாகப் பிரித்து ஒன்றில் கிளாஸி, ஒன்றில் சாட்டின், ஒன்றில் மேட். டேப்பை எடுத்த இடத்தில் வார்னிஷ் படாத கோடு ஒன்று நிற்கும். ஸ்பூனின் வளைவு தலைக்கவசத்தின் வளைவு மாதிரியே ஒளியைப் பிடிப்பதால், விளக்குக்குக் கீழே ஒருமுறை சுழற்றினாலே எது வேண்டும் என்பது தெரிந்துவிடும். என் மேசை இழுப்பறையில் இப்படி இருபதுக்கு மேல் ஸ்பூன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பிடியிலும் பெயிண்ட் பெயர், வார்னிஷ் பெயர், தேதி, அன்றைய ஈரப்பதம்.

அந்தப் பன்னிரண்டு பேருக்கும் இரண்டு மாலைகளில் கிளாஸி கலவையைப் பூசி முடித்தேன். பிறகு 0 எண் பிரஷ்ஷில் வெண்கலத்தோடு துளி வெள்ளி கலந்து, தலைக்கவசத்தின் நெற்றி முகட்டிலும் கேடய விளிம்பின் மேல்பக்கத்திலும் மட்டும், வார்னிஷ்ஷுக்கு மேலேயே ஒரு கோடு இழுத்தேன். அந்தக் கோட்டுக்கு மேல் எதுவும் பூசவில்லை. தேய்ந்தால் ஐந்து நிமிடத்தில் திரும்ப இழுத்துக்கொள்ளலாம்.